சாப்பாட்டுக்குப் பின்

சென்ற வாரம் ஞானமணியைக் கீரனூர் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு நாம் பாட்டுக்கு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். ஒரு வாரமாக அவள் வெயிலில் நிற்கிறாளோ என்று யாரும் பதற வேண்டாம். அவளுக்கு அரை மணிதான் ஆகியிருக்கிறது. நர்ஸின் வெள்ளைப் புடவை, தோளில் பை, பைக்குள் நாலாய் மடித்த ஒரு காகிதம்.

காகிதத்தில் இருப்பது இரண்டே வரி. 'மேரி மதலேன், வயது 28. சளியில் கிருமி உண்டு.'

மதலேன் அவளுடைய அண்ணன் சூசைராஜ் வாத்தியாரின் மனைவி. போன ஐப்பசியில் காசநோய் என்று தெரிந்து, ஒரு வருஷத்துக்கு மாத்திரை என்று டாக்டர் எழுதினார். ஜனவரியில் சளி சுத்தம் என்று வந்தது. இன்றைக்கு ஏப்ரல் பதின்மூன்று. போன கிருமி திரும்பி வந்து சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

"மருந்து கேக்கலைன்னா ரெண்டே காரணம் சிஸ்டர்" என்று டாக்டர் காலையில் சொன்னார். "கிருமி மருந்தை ஜெயிச்சிருக்கணும். இல்லேன்னா மருந்து வயித்துக்குப் போகாம இருக்கணும். வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் டாக்டர்."

பார்க்கவில்லை. ஊரெல்லாம் மாத்திரை எண்ணுகிறவள், அண்ணன் வீட்டில் மட்டும் எண்ணவில்லை. மதலேன் பெயரை எண்ணுகிற பட்டியலில் சேர்த்தால் ஆஸ்பத்திரி ஜீப் அண்ணன் ஊரான ஆவூருக்கு வந்துவிடும். அந்த ஜீப்புக்குச் சுற்றுப்பட்டில் 'இருமல் வண்டி' என்று பெயர். அது ஒரு வீட்டு வாசலில் நின்றால் அந்த வீட்டில் அப்புறம் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். எடுக்கப்படவேண்டிய பெண் ஞானமணிதான்.

மாத்தூரில் மாப்பிள்ளை, யூனியன் ஆபீஸில் கிளார்க். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு மகள் இருமி இருமியே போய்ச் சேர்ந்தவள். மாப்பிள்ளையின் அம்மா எதைப் பொறுத்தாலும் இருமலைப் பொறுக்க மாட்டாள். அதனால் ஆஸ்பத்திரி அட்டையில் மதலேனின் முகவரியாக நர்ஸ் விடுதியில் ஞானமணி தங்கியிருக்கும் அறை எழுதப்பட்டது. பெற்ற ஆத்தாவிடம்கூட அது ரத்த விருத்தி மாத்திரை என்று சொல்லப்பட்டது. யோசனை அண்ணனுடையது. அதற்குத் தலையாட்டியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆவூர் பஸ் இரண்டரைக்குத்தான். சும்மா நின்றால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஞானமணி வேலையைப் பார்க்கப் போனாள்.

கீரனூர்க் கடைத்தெருவில் ஆவுடையப்பன் வெற்றிலைக் கடை வைத்திருக்கிறார். நர்ஸைக் கண்டதும் அவசரமாக வெற்றிலைக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார்.

"என்ன சாப்பிட்டீங்க காலையில?"

இதுதான் அவள் யாரிடமும் கேட்கிற முதல் கேள்வி. நோய் எப்படி இருக்கிறது என்று கேட்டால் நல்லாயிருக்கு என்பார்கள். மருந்து சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பார்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால்தான் வீட்டுக்குள் நடப்பது வெளியே வரும்.

"நாலு இட்லிங்க."

"டப்பாவ எடுங்க."

கல்லாப் பெட்டிக்குப் பின்னாலிருந்து டப்பா வந்தது. கட்டைவிரல் நகம் அகலத்துக்கு வெள்ளை மாத்திரைகள். காலையில் ஐந்து, இரவில் ஐந்து. ஞானமணி எண்ணினாள். பதினைந்து அதிகம் இருந்தது.

"இது குட்டி போட்டுச்சா?"

"கொமட்டுதும்மா. முழுங்குனா நெஞ்சுலயே நிக்குது. மூணு வேளை விட்டுட்டேன், பொய் சொல்லல."

"விட்டா இருமல் வராது. அதுதான் இதுல இருக்க சூது. ஒடம்பு தேறிட்டமாதிரி இருக்கும், உள்ள கிருமி மருந்துக்குப் பழகிக்கிரும். பெறகு இதே மாத்திரைய மூட்டையாத் தின்னாலும் கேக்காது. வயித்துல ஏதாச்சும் இருந்தாப் போதும் அண்ணாச்சி. சோறுதான்னு இல்ல. கஞ்சியோ, மோரோ, ரெண்டு வாழைப்பழமோ. அதுக்கு மேல போட்டீங்கன்னா கொமட்டாது."

ஐந்து மாத்திரையையும் மோரோடு தன் கண் முன்னே விழுங்க வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். மனுஷர் கண்ணில் தண்ணீர் முட்ட அவளைப் பார்த்துக் கும்பிட்டார். வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

பஸ்ஸை விட்டு அவள் இறங்கிய ஆவூர் விலக்கில், ஊருக்குப் பாதை பிரியும் இடத்தில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சூசைராஜ் நின்றான். பள்ளிக்கூடம் அரை நாள். காகிதத்தை வாங்கிப் படித்தான். வாத்தியார் அல்லவா, தப்பு எங்கே என்று தேடுகிறவன்போல இரண்டாம் தடவையும் படித்தான்.

"இதுல தப்பு நடக்காதா? வேற யாரோட சளியாவது..."

"நடக்காது அண்ணே. டாக்டர் நாளைக்கு ஜீப்புல வந்து மதினியப் பாத்துக் கூட்டிட்டுப் போகணுங்கிறாரு. எக்ஸ்ரே எடுக்கணும். இந்த மருந்து கேக்கலைன்னா வேற மருந்து. அது நம்ம ஆஸ்பத்திரியில இல்ல. எழுதிப் போட்டு வரவழைக்கணும்."

"நாளைக்கா?" சூசைராஜின் முகம் செத்துவிட்டது. "நாளைக்குப் பதினொரு மணி பஸ்ஸுல மாத்தூர்க்காரங்க வாராங்க. ஓலைக்கு நாள் குறிக்க."

ஓலை என்றால் கோயிலில் வாசிக்கிற கல்யாண ஓலை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு சாமியார் வாசிப்பார். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலத்தில் வாசிப்பதில்லை. ஈஸ்டர் கழிய வேண்டும்.

"ஒரு மாசம் ஞானம். மூணு ஓலையும் வாசிச்சு முடியட்டும். பெறகு ஜீப் என்ன, ரயிலே வாசல்ல வந்து நிக்கட்டும்."

"கிருமிக்கு ஓலை தெரியுமா அண்ணே?"

"நான் எனக்காகவா சொல்றேன்? ஒனக்கு இருபத்தேழு முடியப்போவுது."

சைக்கிளுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே அவள் மனசு கணக்குப் போட்டது. ஈஸ்டர் இருபத்திரண்டு. இருபத்தொன்பது, ஆறு, பதின்மூன்று. ஒரு மாசம் தாங்கமாட்டாளா மதினி? இப்படி ஒரு நோயாளியின் வீட்டார் கேட்டிருந்தால் ஞானமணி அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். தனக்கென்று வரும்போது எல்லாருக்கும் ஒரு மாசம் சின்னதாகத்தான் தெரிகிறது.

வீட்டில் ஆத்தா அந்தோணியம்மாள் கோயிலில் நடக்கும் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை அல்லவா. முக்காட்டை இழுத்துவிட்டபடி, "மதலேன் வரலையாம், தலை சுத்துதாம்" என்றாள். குரலில் குறை இல்லை, பெருமைதான் இருந்தது.

"பசி மயக்கம்தான், வேறென்ன. இந்தத் தெருவுல ஒருசந்தி ஒண்ணுகூட விடாதவ இவ ஒருத்திதான். அந்த லூர்துமேரிகூட பத்தாம் நாளே கவுந்துட்டா."

சூசைராஜ் ஆத்தாவோடு கோயிலுக்கு நடந்தான். ஞானமணி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

தபசு காலத்து ஒருசந்தி என்றால் நாளைக்கு ஒரே சாப்பாடு, நடுப்பகலில். காலையில் பச்சைத் தண்ணீர். ரொம்ப முடியாவிட்டால் இரவில் ஒரு லோட்டா கஞ்சி. ஞாயிறு தவிர நாற்பது நாளும் அப்படித்தான். வியாதிக்காரர்களுக்கு விலக்கு உண்டு. நின்று வேலை பார்க்கும் நர்ஸுக்கும் விலக்கு உண்டு என்று சாமியார் சொன்னதால் ஞானமணி ஐந்து வருஷமாக ஒருசந்தியையே மறந்திருந்தாள்.

மதலேனுக்கு விலக்கு இல்லை. அவள்தான் வியாதிக்காரியே இல்லையே.

அடுப்படியில் சுவரோரம் மதலேன் உட்கார்ந்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. நாத்தனாரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காருங்க மதினி."

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞானமணி வருவாள். ஆத்தா பார்க்காதபோது பொட்டலத்தைக் கையில் திணிப்பாள். "மருந்து கேக்குதா மதினி?" என்று காதோடு கேட்பாள். "கேக்குது" என்று மதலேன் சொல்வாள். பாடம் முடிந்துவிடும். ஆவுடையப்பனுக்குக் கால் மணி நேரம் சொன்னதை இவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. ஆத்தாவின் காதுக்குப் பயந்து, முதல் பொட்டலத்தோடு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்ததோடு சரி.

"இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

ஆறு மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வியை இந்த வீட்டில் கேட்டாள்.

"மத்தியானம் சோறும் கீரையும்."

"காலையில?"

"ஒருசந்தியில காலையில ஏது?"

"மாத்திரை?"

"சாப்பிட்டதும் அஞ்சு போட்டேன். நீ சொன்னபடி."

"ராத்திரிக்கு அஞ்சு?"

"ராத்திரிக்குச் சாப்பாடு இல்லையே ஞானம்."

"கஞ்சி குடிப்பீங்கல்ல?"

மதலேன் அவளை விநோதமாகப் பார்த்தாள். "கஞ்சி குடிக்கிறது சாப்பாடாகுமா? சோறு தின்னாத்தானே சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பின்னதான் போடணும்னு எழுதியிருந்த. மாறிப் போட்டுட்டா விஷமாப் போயிருமோன்னு பயம். ஒன்கிட்ட கேக்கலாம்னுதான் இருந்தேன். நீ வந்த காலோட ஓடுற."

"மிச்சத்த என்ன செஞ்சீங்க?"

"பத்திரமா வச்சிருக்கேன். சர்க்கார் மருந்து, வீசியெறிய மனசு வரல. இல்லாத யாருக்காச்சும் குடுப்பியேன்னு."

குதிருக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின் வந்தது. மதலேன் அதை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்தாள். சேர்த்து வைத்ததைக் காட்டுகிற சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது. அதைப் பார்க்க ஞானமணியால் முடியவில்லை.

முறத்தில் கொட்டி எண்ணினாள். ஐந்து ஐந்தாகத் தள்ளினாள். முற்றத்தில் வெளிச்சம் சரியத் தொடங்கியிருந்தது. மதலேன் இடையில் இரண்டு தடவை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு இருமினாள்.

நானூற்று ஐந்து. எண்பத்தொரு நாள் அரை மருந்து.

தபசு காலம் தொடங்கி நேற்றோடு ஞாயிறு நீக்கி முப்பத்திரண்டு நாள்தான் ஆகிறது. "மதினி, இதுல தபசுக்கு முன்னாடியே நாப்பத்தொம்பது நாள் இருக்கு. அது எப்படி?"

மதலேன் தலையைக் குனிந்துகொண்டாள். "கார்த்திகை மாசத்துலேருந்து செவ்வா, வெள்ளி, சனியும் இருந்தேன். அது சும்மா ஒரு நேத்தி."

"எதுக்கு நேத்தி?"

"எதுக்கோ. விடு."

"ஒனக்குத்தான்."

வாசல் பக்கமிருந்து குரல் வந்தது. ஆத்தா நின்றுகொண்டிருந்தாள். சிலுவைப்பாதை எப்போது முடிந்தது, அவள் எப்போது வந்தாள் என்று இவர்களுக்குத் தெரியவில்லை. பின்னால் சூசைராஜ்.

"செவ்வா அந்தோணியாருக்கு. வெள்ளி, சனி மாதாவுக்கு. ஒனக்கு நல்ல எடம் அமையணும்னு நான்தான் நேந்துக்கிட்டேன். எனக்கு முட்டுவலியோட பட்டினி ஒத்துக்கல. மருமகள இருக்கச் சொன்னேன். மறு பேச்சுப் பேசாம இருந்தா." ஆத்தா முறத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்ன மாத்திரைடி இது? ரத்த விருத்தின்னீங்க."

சூசைராஜ் தூணைப் பார்த்தான். கிழவியானாலும் அவளுக்கு இருமல் தெரியும், மெலிவு தெரியும். தெரிந்துகொள்ள யாரும் விடவில்லை, அவ்வளவுதான்.

"அந்தச் சீட்டு எங்க? ஏதோ எழுதியிருந்துச்சாமே. படி."

மதலேன் ஜெபப் புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஆத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. ஞானமணி தன்னுடைய கையெழுத்தைத் தானே படித்தாள்.

"'காலை ஐந்து, இரவு ஐந்து. சாப்பாட்டுக்குப் பின். வெறும் வயிற்றில் கூடவே கூடாது.'"

கூடவே கூடாது என்பதன் அடியில் இரண்டு கோடு. தடித்த கோடு. நர்ஸ் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், முக்கியமானதைக் கோடு போட்டு எழுத வேண்டும் என்று.

"நீ ஒருத்தி சாப்பிட்டாத்தான் மருந்துன்னு எழுதுற. நான் ஒருத்தி சாப்பிடாதேன்னு சொல்றேன். நடுவுல இவ" என்றாள் ஆத்தா. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சாமியார்கிட்ட விலக்குக் கேட்டு, மூணு வேளையும் ஆக்கிப் போட்டிருப்பேன். என்னைக் கொண்டே இவளக் கொல்ல வச்சிட்டீங்களே, படிச்ச பிள்ளைக ரெண்டு பேரும்."

"ஆத்தா, ஞானத்தோட கல்யாணம்..." என்று சூசைராஜ் ஆரம்பித்தான்.

"நீ பேசாத."

ஆத்தா எழுந்து அடுப்பை மூட்டினாள். தபசு காலத்து வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தோணியம்மாள் வீட்டில் சோறு கொதித்தது. பக்கத்து வீட்டு லூர்துமேரி வாசனை பிடித்து எட்டிக்கூடப் பார்த்தாள். தட்டில் சோற்றைப் போட்டு, மோரை ஊற்றி, மருமகளுக்கு முன்னால் வைத்தாள்.

"அத்தை, இன்னைக்கு வெள்ளி."

"தின்னு. பாவம் என் கணக்குல போகட்டும்."

மதலேன் தின்றாள். தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்றாள். பிறகு நாத்தனாரைப் பார்த்தாள். ஞானமணி முறத்திலிருந்து ஐந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றாக உள்ளே போவதை, நோயாளியைப் பார்க்க வேண்டிய விதமாகப் பார்த்தாள்.

"இனிமே கேக்குமா?" என்று ஆத்தா கேட்டாள்.

மற்றவர்களிடம் என்றால் 'கேக்கும், கவலைப்படாதீங்க' என்று சொல்ல அவளுக்கு வாய் வந்திருக்கும்.

"தெரியல ஆத்தா. அரைகுறையாப் போனதுல கிருமி பழகியிருந்தா இது கேக்காது. டாக்டர் வந்து பாக்கணும்."

"வரச் சொல்லேன். யாரு கையப் பிடிச்சா?"

ஞானமணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அவளைப் பார்த்தான். இரண்டு பேர் மனசிலும் ஒரே பஸ் ஓடியது. ஆத்தாவுக்கும் அது தெரியும். மாத்தூர்க்காரர்களுக்கு ஆக்கிப்போட அரிசி புடைத்து வைத்ததே அவள்தான்.

"ஊரான் வீட்டு வாசலுக்கெல்லாம் ஜீப்புல போய் எறங்கி எண்ணிப் பாக்குறவ நீ" என்றாள். "இந்த வீட்டுக்குப் பொட்டலம் கொண்டாந்த சரி. நர்ஸா எப்ப வரப்போற?"

ஞானமணி பையைத் திறந்து ஆஸ்பத்திரி அட்டையை எடுத்தாள். முகவரி என்ற இடத்தில் தன் விடுதி அறை எண் இருந்தது. அதை அடித்தாள். ஆவூர் என்று எழுதினாள், தெருவை எழுதினாள், சூசைராஜ் மனைவி என்று எழுதினாள். வெட்கத்தில் காது சுட்டது, இதை எழுத ஆறு மாதம் ஆயிற்றே என்று.

"ஏழரை பஸ்ஸுல டவுனுக்குப் போறேன் அண்ணே. காலையில ஜீப்போட வாரேன்."

"எத்தன மணிக்கு?" என்று கேட்டான் சூசைராஜ்.

"இங்க வந்து சேர பதினொண்ணு ஆகும்."

"பஸ்ஸும் பதினொண்ணு."

"தெரியும்."

அவன் சைக்கிளை எடுக்க வாசலுக்குப் போனான். விலக்கு வரைக்கும் கொண்டுவிடுவதற்கா, அங்கிட்டிருந்து மாத்தூருக்கு மிதித்துப் போய் அவர்களை வரவேண்டாம் என்று சொல்வதற்கா என்று அவன் முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

ஞானமணி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். மதலேன் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி அவளிடம் வந்தாள். ஆத்தாவின் காதில் விழாதபடி மெதுவாகக் கேட்டாள்.

"நாளைக்குச் சனிக்கெழம ஞானம். ஒனக்கு நேந்துக்கிட்டது. அவங்க வார நாளும் அதுவுமா, அந்த ஒருசந்தியையும் விட்டுறவா?"